மாமாவின் தகரப்பெட்டியில் 34 கசெற்றுகள்: பிங்க் புளோய்ட் நேரடிப் பதிவுகளை வைத்திருப்பதா, விடுவதா?

காலிவீதிக்காரன்

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாசம் அம்மாவின் அண்ணா, எங்கள் பெரிய மாமா, காலமானார். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஒழுங்கையில் அவருடைய வீடு. வீட்டை ஒதுக்கும்போது அலுமாரிக்கு மேலே ஒரு பெரிய பிஸ்கட் தகரம் கிடைத்தது. திறந்தால் 34 கசெற்றுகள். மாமா கப்பலில் இஞ்சினியராக இருந்தவர். எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளிலும் ரொட்டர்டாம், ஹம்பேர்க், லண்டன் என்று போய்வந்தவர். அவருக்கு றொக் இசை பிடிக்கும் என்று தெரியும், ஆனால் இவ்வளவு தூரம் என்று தெரியாது. பாதிக்கு மேல் பிங்க் புளோய்ட் என்ற பிரிட்டிஷ் றொக் குழு. கடையில் வாங்கிய அல்பங்கள் ஒன்றும் இல்லை, எல்லாம் நேரடி நிகழ்ச்சிகள். நீல மையில் அவருடைய சாய்ந்த எழுத்தில் இடமும் வருஷமும்: ரெயின்போ 72, வெம்பிளி 74, எல்.ஏ. 75. ஒன்றில் 'புளோய்ட் 77' என்பது மட்டும்தான். ஊரும் இல்லை, திகதியும் இல்லை.

ஏழெட்டுக் கசெற்றில் வெள்ளையாகப் பூஞ்சணம் பிடித்திருக்கிறது. ஒன்றில் நாடாவை அமுக்கிப் பிடிக்கிற அந்தச் சின்னப் பஞ்சு கழன்று உள்ளே கிடந்து ஆடுகிறது.

தம்பி சொல்கிறான், இதெல்லாம் இணையத்தில் இதைவிடத் தெளிவாக இருக்கிறது, படம் எடுத்து வைத்துவிட்டு எறி என்று. எனக்கு மனம் வரவில்லை. ஆனால் மாமாவின் பொருள் என்பதைத் தவிர வேறு காரணம் சொல்லவும் தெரியவில்லை. இதைச் சேர்க்கிறவர்கள் இங்கே இருக்கிறீர்கள் என்று தெரியும். என்ன செய்யலாம்?

தெஹிவளை_ஹெட்போன்

அனுதாபங்கள் அண்ணா.

கேட்பதற்கு என்றால் தேவையில்லை என்றுதான் நானும் சொல்வேன். வெம்பிளி 74 பி.பி.சி. பதிவு செய்தது, 2011 இல் ஒழுங்காக வெளியே வந்துவிட்டது. 2021, 2022 ஆண்டு முடிவுகளில் 1970 முதல் 72 வரையான பல நிகழ்ச்சிகளைப் புளோய்ட் குழுவினரே ஸ்ட்ரீமிங்கில் போட்டார்கள். 50 வருஷத்துக்குள் வெளியிடாவிட்டால் ஐரோப்பாவில் அந்தப் பதிவுகளின் உரிமை போய்விடும் என்பதால். ஆகவே ஞாபகத்துக்கு இரண்டு மூன்றை வைத்துக்கொண்டு மிச்சத்தை விடலாம்.

பழைய_கசெற்

தம்பி காலிவீதிக்காரன், தகரத்தை மூடி வையுங்கள். ஒன்றையும் எறியாதீர்கள், ஒன்றையும் இப்போது டெக்கில் போட்டுப் பார்க்கவும் வேண்டாம். பூஞ்சணம் பிடித்ததை ஒருமுறை ஓட்டினால் டெக்கில் நாடாவை வாசிக்கிற தலையில் ஒட்டி, அடுத்துப் போடுகிற கசெற்றுக்கும் தொற்றிவிடும். பூஞ்சணம் உள்ளதை இன்றைக்கே வேறு பெட்டியில் பிரித்து வையுங்கள்.

சரி, ஏன் எறியக்கூடாது என்று சொல்கிறேன். ஹெட்போன் தம்பி சொல்வது பிழையில்லை. ஆனால் கசெற் என்பது பிரதி எடுக்க எடுக்கத் தேய்கிற சாமான். மண்டபத்தில் ஓடிய மூல நாடா, அதிலிருந்து முதல் பிரதி, அதிலிருந்து இரண்டாவது. ஒவ்வொரு படியிலும் இரைச்சல் கூடும், மேல் சுருதிகள் மங்கும், வேகம் கொஞ்சம் மாறும். இன்றைக்கு இணையத்தில் கிடக்கிற பல பதிவுகள் ஐந்தாறு கை மாறிய பிரதிகள். ஒரு கப்பல்காரர் எண்பதாம் ஆண்டளவில் ரொட்டர்டாமில் ஒரு சேகரிப்பாளரிடமிருந்து நேரே பிரதி எடுத்திருந்தால், அது இரண்டாவது படியாக இருக்கலாம். கேட்காமல் தெரியாது. உலகத்தில் மிச்சமிருக்கிற நல்ல பிரதி வெள்ளவத்தையில் ஒரு பிஸ்கட் தகரத்துக்குள் இருக்கக்கூடாது என்று சட்டமில்லை.

புளோய்ட் ரசிகர்கள் இந்தப் பதிவுகளுக்கு 'ரோயோ' என்று ஒரு பெயர் வைத்திருக்கிறோம். மூலம் உறுதியாகத் தெரியாத பதிவு என்று அர்த்தம். எங்கள் வேலையே அந்த மூலத்தைத் தேடிப் பிடிப்பதுதான்.

நான் தொடங்கியது 1986 இல். அப்போது காலி வீதியில் வெற்றுக் கசெற்றும் பட்டியலும் கொடுத்தால் பதிந்து தருகிற கடைகள் இருந்தன. அங்கே அல்பம் கிடைக்கும், இது கிடைக்காது. எனக்குக் கிடைத்தது இங்கிலாந்தில் இருந்த ஒரு பேனா நண்பர் மூலம். நான் இரண்டு வெற்று டீ.டீ.கே. கசெற் அனுப்புவேன், அவர் ஒன்றை நிரப்பி அனுப்புவார், மற்றது அவருக்கு. அதுதான் கூலி, காசு கிடையாது. ஆறு கிழமை, சிலவேளை மூன்று மாசம். ஒருமுறை வந்த பார்சலில் மழைத்தண்ணி இறங்கி லேபல் முழுக்கக் கரைந்து போயிருந்தது. ஆனால் கசெற் ஓடியது. அதில்தான் முதன்முதலில் ரெயின்போ 72 கேட்டேன்.

அந்த நிகழ்ச்சி ஏன் பெரிசு என்று இளம் ஆட்களுக்குச் சொல்ல வேண்டும். 'டார்க் சைட் ஒஃப் த மூன்' அல்பம் வந்தது 1973 மார்ச்சில். அதற்கு ஒரு வருஷம் முன்பே, 1972 ஜனவரியிலிருந்து, முழுவதையும் மேடையில் வாசித்துக்கொண்டு திரிந்தார்கள். லண்டன் ரெயின்போ அரங்கில் பெப்ரவரியில் நான்கு இரவு. அதிலிருந்து யாரோ பதிந்ததை இசைத்தட்டாக அடித்து, உண்மையான அல்பம் வருவதற்கு முன்பே விற்றுவிட்டார்கள். இதைக் கேட்டால், நமக்கு மனப்பாடமான அந்த அல்பம் இன்னும் முடியாத வீடு மாதிரி நிற்கும். 'ஒன் த ரன்' பாட்டு இருக்கிற இடத்தில் அந்த சிந்தசைசர் ஓட்டம் இல்லை, கிட்டாரும் கீபோர்டும் சேர்ந்து ஒரு நீண்ட வாசிப்பு. பாடகி கிளேர் டொரியின் குரல் வருகிற இடத்தில் ஓர்கனும் பைபிள் வாசகங்களும். அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுப் பாட வைத்தது 1973 ஜனவரியில்தான். அல்பத்தை மட்டும் கேட்டவருக்கு அது வானத்திலிருந்து விழுந்தது போல இருக்கும். கசெற்றைக் கேட்டவருக்கு மனிதர்கள் தடவித் தடவிச் செய்தது என்று தெரியும். 40 வருஷமாக நான் சேர்ப்பது இதற்காகத்தான்.

உங்கள் 'புளோய்ட் 77' என்ன என்று கண்டுபிடிக்க வழி இருக்கிறது. முதலில் ஒலித்தச்சன் வரட்டும், பூஞ்சணத்துக்கு அவர்தான் வைத்தியர்.

ஒலித்தச்சன்

வந்துவிட்டேன் அண்ணை.

காலிவீதிக்காரன், முதல் வேலை ஈரத்தை எடுப்பது. கடலுக்குக் கிட்ட இருக்கிற வீடு, உப்புக்காற்று, அதோடு மேல்மாகாண ஈரப்பதன். காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டு இரண்டு கிழமை வையுங்கள். வெயிலில் காய வைக்காதீர்கள். ஓவனில் வைக்கச் சொல்லி இணையத்தில் யாராவது சொல்வார்கள், அது பிசுபிசுத்துப் போன பெரிய ஸ்பூல் நாடாக்களுக்கான வைத்தியம். சாதாரணக் கசெற்றுக்கு வேண்டாம்.

பூஞ்சணம்: வாய்க்கு மாஸ்க் கட்டிக்கொண்டு, வெளித் திண்ணையில் வைத்துச் செய்யுங்கள். ஸ்குறூ போட்ட கசெற் என்றால் ஐந்து ஸ்குறூவையும் கழற்றி, மேல் மூடியை மட்டும் தூக்கி, இரண்டு சுருளையும் அப்படியே எடுத்து வேறு நல்ல கசெற்றின் கூட்டுக்குள் வைக்கலாம். சுருளின் பக்கவாட்டில் உள்ள வெள்ளைத் தூளை மென்மையான தூரிகையால் வெளிப்பக்கமாகத் தட்டுங்கள். பஞ்சு கழன்றதற்கும் இதே வழிதான், கூட்டை மாற்றினால் புதுப் பஞ்சு கிடைக்கும். ஒட்டி அடைத்த கூடு என்றால் நீங்கள் திறக்க வேண்டாம், என்னிடம் கொண்டு வாருங்கள்.

ஓட்டுவதற்கு முன்: தலையையும் ரப்பர் உருளையையும் ஐசோபுரொப்பைல் அல்கஹோலால் துடையுங்கள். கசெற்றை முழுக்க முன்னால் ஒருதரம், பின்னால் ஒருதரம் சுற்றுங்கள். 40 வருஷம் ஒரே இறுக்கத்தில் கிடந்த நாடா, உடனே வாசித்தால் வேகம் தள்ளாடும்.

அடுத்தது தலையின் கோணம். மாமாவின் பிரதியை எடுத்த டெக்கின் தலை எந்தக் கோணத்தில் நின்றதோ, உங்கள் டெக்கும் அதே கோணத்தில் நிற்க வேண்டும். தலைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்குறூ இருக்கும். இடது, வலது இரண்டு சனலையும் ஒன்றாக்கிக் கேட்டுக்கொண்டே அதை மயிரிழை மயிரிழையாகத் திருப்புங்கள். ஒரு இடத்தில் சிம்பலின் ஓசை திரை விலகின மாதிரித் தெளியும். அங்கே நிறுத்துங்கள். ஒவ்வொரு கசெற்றுக்கும் இதைத் திரும்பச் செய்ய வேண்டும். அலுப்புத்தான், ஆனால் பாதித் தரம் இதில்தான் இருக்கிறது. 'ஒலி மங்கிப் போச்சு' என்று எறிந்த எத்தனை கசெற் இந்த ஸ்குறூவால் உயிர் பிழைத்திருக்கிறது.

டொல்பி என்ற இரைச்சல் குறைப்பை அணைத்துவிட்டுக் கணினியில் பதியுங்கள். 24 பிட் தரத்தில். தரம் குறையாத ஃபிளாக் ஃபைலாகச் சேமியுங்கள், எம்பி3 வேண்டாம். இரைச்சலை நீக்குகிற வேலை ஒன்றும் செய்யாத பச்சைப் பதிவு ஒன்று எப்போதும் தனியாக இருக்க வேண்டும். மற்றது முக்கியம், லேபலில் இருப்பதை அப்படியே எழுதி வையுங்கள். பிழை போலத் தெரிந்தாலும் திருத்தாதீர்கள்.

மழைத்துளி

எல்லாரும் மிகவும் ஆர்வமாகக் கதைக்கிறீர்கள், அதைக் குழப்ப விருப்பமில்லை. ஆனால் ஒன்று கேட்கத்தான் வேண்டும். இது அந்தக் கலைஞர்கள் அனுமதி கொடுக்காத பதிவு. இங்கே 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்திலும், தன் நேரடி நிகழ்ச்சியை அனுமதியில்லாமல் பதிவதைத் தடுக்கும் உரிமை கலைஞருக்கு இருக்கிறது.

நான் ஒரு சின்ன பாண்டில் பேஸ் வாசிக்கிறேன். இரண்டு வருஷம் முன்பு கொழும்பில் ஒரு நிகழ்ச்சியில் புதுப் பாட்டு ஒன்றை முதல்முறை வாசித்தோம், நடுவில் நான் சுருதி பிசகிவிட்டேன். அடுத்த நாளே யாரோ அதைப் போனில் எடுத்துப் போட்டிருந்தார்கள். அந்தப் பாட்டை நாங்கள் ஸ்டூடியோவில் பதிந்து வெளியிடுவதற்குள் எல்லாருக்கும் தெரிந்தது அந்தப் பிசகின வடிவம்தான். பழைய_கசெற் ஐயா 'இன்னும் முடியாத வீடு' என்று அழகாகச் சொன்னார். முடியாத வீட்டுக்குள் ஆட்களைக் கூட்டி வர வேண்டாம் என்று சொல்ல வீட்டுக்காரருக்கு உரிமை இல்லையா?

தெஹிவளை_ஹெட்போன்

இது நல்ல கேள்வி அக்கா. கிறேட்ஃபுல் டெட் மாதிரிச் சில பாண்டுகள் தாங்களே அனுமதித்தார்கள். 1984 இலிருந்து பதிபவர்களுக்கென்று அரங்கில் தனி இடமே ஒதுக்கினார்கள். பேர்ள் ஜாம் 2000 ஆம் ஆண்டு இசைச் சுற்றுப்பயணத்தில் கிட்டத்தட்ட எல்லா நிகழ்ச்சியையும் தாங்களே இறுவட்டாக விற்றார்கள். புளோய்ட் அப்படி இல்லை, அது உண்மை.

பழைய_கசெற்

மழைத்துளி, உங்கள் கேள்வியை இரண்டு நாள் மனதில் வைத்திருந்துதான் எழுதுகிறேன்.

உங்களுக்கு நடந்தது பிழை. அதை நான் நியாயப்படுத்த மாட்டேன். வெளிவராத பாட்டை, வாசித்தவர் உயிரோடு, அடுத்த தெருவில் இருக்கும்போது கேட்காமல் போடுவது மரியாதை இல்லை. ரெயின்போ இசைத்தட்டை அடித்து விற்றவர்களும் அதைத்தான் செய்தார்கள். அந்தக் காசில் ஒரு சதமும் பாண்டுக்குப் போகவில்லை. விற்கிறவனை நாங்கள் எங்கள் ஆள் என்று சொல்வதில்லை. என்னிடம் 600 க்கு மேற்பட்ட பதிவுகள் இருக்கின்றன, ஒன்றையும் நான் விற்றதில்லை. கேட்டு வந்த ஒருவரையும் வெறுங்கையோடு அனுப்பியதுமில்லை.

ஆனால் இதையும் யோசித்துப் பாருங்கள். லொஸ் ஏஞ்சலிசில் மைக் மில்லார்ட் என்று ஒருவர் இருந்தார். நடக்க முடியாதவர் போலச் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, இருக்கைக்குள் நக்கமிச்சி 550 ரெக்கோடரை மறைத்து அரங்குக்குள் கொண்டு போவார். 1975 ஏப்ரல் 26, ஸ்போர்ட்ஸ் அரீனாவில் புளோய்ட். அந்த அமெரிக்கச் சுற்றில் 'ஷைன் ஒன்' பாட்டை, அது இடம்பெற்ற 'விஷ் யூ வேர் ஹியர்' அல்பம் வருவதற்கு முன்பே வாசித்தார்கள். பின்னால் 'ஷீப்', 'டோக்ஸ்' என்று மாறின பாட்டுகளை வேறு பெயரில், வேறு வரிகளோடு பாடினார்கள். மில்லார்ட் 1994 இல் இறந்துவிட்டார். 2025 டிசம்பரில் 'விஷ் யூ வேர் ஹியர்' 50 ஆம் ஆண்டுப் பதிப்பு வந்தபோது, அதில் சேர்க்க பாண்டு எடுத்தது எதை? அந்த மனிதர் ஒளித்துப் பதிந்த நாடாவைத்தான். இசைக்கலைஞர் ஸ்டீவன் வில்சன் அதன் ஒலியைச் சுத்தம் செய்தார். அந்த இரவை அவர்களுக்கே திருப்பிக் கொடுத்தது அனுமதி கேட்காத ஒருவர்.

இதனால் உங்கள் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். இரண்டும் உண்மை. நான் இந்தப் பக்கம் நிற்கிறேன், அவ்வளவுதான்.

மழைத்துளி

நன்றி ஐயா. 50 வருஷம் கழிந்த நாடாவையும் நேற்றைய நிகழ்ச்சியையும் ஒன்றாக வைக்கக்கூடாது என்பது எனக்கும் விளங்குகிறது. என் பாட்டு விஷயத்தில் என் எண்ணம் மாறவில்லை. ஆனால் அந்த 77 கசெற் என்ன என்று அறிய எனக்கும் ஆசையாக இருக்கிறது, சொல்லுங்கள்.

பழைய_கசெற்

ஓம், மறந்துவிட்டேன். 77 சுற்றில் 'பிக்ஸ்' பாட்டின் நடுவில் புளோய்டின் பாடகர் ரோஜர் வோட்டர்ஸ் ஒவ்வொரு இரவும் ஒரு எண்ணைக் கத்துவார். அது அந்தச் சுற்றில் எத்தனையாவது நிகழ்ச்சி என்ற எண் என்று எடுத்துக்கொள்கிறோம். அந்த எண்ணைக் கேட்டால் திகதியை நெருங்கலாம். பாட்டுகளுக்கு நடுவில் அவர் கதைப்பதையும் கவனமாகக் கேளுங்கள்.

காலிவீதிக்காரன்

மூன்று கிழமை கழித்து வருகிறேன், மன்னிக்கவும். சிலிக்கா ஜெல், தூரிகை, மாஸ்க் எல்லாம் நடந்தது. புறக்கோட்டையில் ஒரு பழைய டெக் வாங்கி, ஒலித்தச்சன் அதன் பெல்ட்டை மாற்றித் தந்தார், காசு வாங்கவில்லை. இதுவரை 11 கசெற் பதிந்துவிட்டேன்.

'புளோய்ட் 77' கேட்டேன். 'பிக்ஸ்' பாட்டில் அந்த எண் வருகிறது, ஐம்பதுகளில். அதற்கு முன்னால், 'பிக்ஸ் ஒன் த விங்' மெதுவான கிட்டாரோடு போகும்போது பட்டாசு வெடிக்கிறது. வோட்டர்ஸ் பாட்டை நிறுத்திச் சனத்தைத் திட்டுகிறார். ரசிகர்களின் கத்தல், மறுபடி ஒரு வெடி. எனக்குக் கை குளிர்ந்துவிட்டது. ராத்திரி ஒன்றரை மணிக்கு எழும்பி பழைய_கசெற் அண்ணைக்குச் செய்தி அனுப்பினேன்.

பழைய_கசெற்

மொன்றியல், ஒலிம்பிக் மைதானம், 1977 ஜூலை 6. சுற்றின் கடைசி இரவு. முன்வரிசையில் நின்ற ஒரு ரசிகரின் முகத்தில் வோட்டர்ஸ் துப்பியது அன்றைக்குத்தான். அந்த வெட்கத்திலிருந்துதான் தனக்கும் சனத்துக்கும் நடுவில் ஒரு சுவர் என்ற எண்ணம் அவருக்கு வந்தது, 1979 இல் 'த வோல்' அல்பமானது. துப்பியது நாடாவில் கேட்காது. ஆனால் அந்த மனிதர் உடைகிற நேரம் முழுக்கக் கேட்கும். கடைசி என்கோரில், அதாவது நிகழ்ச்சி முடிந்த பிறகு மேலதிகமாக வாசித்ததில், வருகிற நீண்ட புளூஸ் உங்கள் கசெற்றில் இருக்கிறதா? அதில் கிட்டார் வாசித்தது அந்தச் சுற்றில் கூட வந்த ஸ்னோவி வைட். குழுவின் சொந்தக் கிட்டார்காரர் டேவிட் கில்மோர் அதற்கு மேடைக்கு வரவில்லை.

காலிவீதிக்காரன்

புளூஸ் தொடங்குகிறது, நாலு நிமிஷத்தில் வெட்டுகிறது. 90 நிமிஷக் கசெற், இடம் முடிந்துவிட்டது. இரண்டாவது கசெற்றில் இருந்திருக்கலாம், அது பெட்டியில் இல்லை.

ஒலித்தச்சன்

இதன் ஃபைலை எனக்கு அனுப்பியிருந்தார். ஒரு விஷயம் காட்ட வேண்டும். ஓடாசிற்றி மென்பொருளில் அலைவரிசைப் படத்தைத் திறந்து கீழ்ப்பகுதியைப் பெருப்பித்துப் பார்த்தேன். மெல்லிய கிடைக்கோடு இரண்டு தெரிகிறது, மின்சார முணுமுணுப்பு. ஒன்று 61.2 ஹேர்ட்ஸில், மற்றது 51 ஹேர்ட்ஸில்.

கனடாவில் மின்சாரம் 60 ஹேர்ட்ஸ், ஐரோப்பாவிலும் இலங்கையிலும் 50. அதாவது மேலே உள்ள கோடு மொன்றியல் மைதானத்து அம்ப்ளிஃபயர்களின் முணுமுணுப்பு. கீழே உள்ளது, பிறகு எங்கேயோ 50 ஹேர்ட்ஸ் நாட்டில் பிரதி எடுத்தபோது ஏறியது. இரண்டும் சரியாக 2 வீதம் கூட. இவருடைய டெக்கின் வேகத்தை நான் முதலே சோதனை நாடாவில் பார்த்துச் சரிசெய்துதான் கொடுத்தேன். ஆகவே கடைசிப் பிரதியை எடுத்த ரெக்கோடர் 2 வீதம் மெதுவாக ஓடியிருக்கிறது. அதற்கு முந்திய நாடா சரியான வேகத்தில்தான் இருந்திருக்கிறது. இடையில் நாலைந்து டெக்கில் ஏறி இறங்கியிருந்தால் இவ்வளவு ஒழுங்காகப் பொருந்தாது. அனேகமாக ஒன்று அல்லது இரண்டாம் பிரதி. கப்பலில் பெரும்பாலும் 60 ஹேர்ட்ஸ், எனவே மாமா இதைக் கப்பல் அறையில் எடுக்கவில்லை, தரையில் எடுத்திருக்கிறார்.

வேகத்தைத் திருத்திய பிரதி ஒன்று தனியாகச் செய்து தருகிறேன். மூலத்தில் கைவைக்கவில்லை.

காலிவீதிக்காரன்

இன்னொன்று சொல்லாமல் விட்டுவிட்டேன். வெம்பிளி 74 கசெற்றின் பி பக்கக் கடைசியில் பிங்க் புளோய்ட் முடிந்து, ஒரு கணம் இரைச்சல், பிறகு இலங்கை வானொலி. 'பொங்கும் பூம்புனல்' நிகழ்ச்சி. மாமா அதற்கு மேல்தான் பதிந்திருக்கிறார் போல, கடைசி ஆறு நிமிஷம் மட்டும் அழியாமல் மிச்சம். அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். காலையில் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடும்போது வீட்டில் இது ஓடும் என்று சொல்லிக்கொண்டு அப்படியே இருந்துவிட்டா. வெம்பிளி எங்கேயும் கிடைக்கும், இது கிடைக்காது.

கொட்டாஞ்சேனை_ராகம்

இவ்வளவு நாளும் வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இதற்குப் பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

எழுபதுகளில் எங்களுக்கும் ஒரு மேடை இசை இருந்தது. நித்தி கனகரத்தினம், ஏ.ஈ. மனோகரன், 'சின்ன மாமியே', 'சுராங்கனி'. எங்கள் அப்பா அந்த நிகழ்ச்சிகளுக்குப் போய் ஒரு பிலிப்ஸ் ரெக்கோடரில் பதிந்து வைத்திருந்தார். மண்டபத்தில் சனம் சேர்ந்து பாடுவது, இடையில் அறிவிப்பாளர் பகிடி விடுவது எல்லாம் அதில் இருந்தது என்று அம்மா சொல்வா. 83 ஜூலையில் வீட்டோடு போய்விட்டது. இசைத்தட்டு வடிவம் இன்றைக்கும் கேட்கலாம். அந்த மண்டபம் எங்கே இருக்கிறது? மொன்றியலின் ஒரு இரவுக்கு எத்தனை பேர், எத்தனை பிரதி. எங்கள் பாட்டுகளுக்கு ஒரு பதிவு மிச்சமிருந்தாலும் போதும்.

யாருடைய வீட்டிலாவது அப்படி ஒரு கசெற் கிடந்தால், பூஞ்சணம் பிடித்திருந்தாலும் பரவாயில்லை, இங்கே சொல்லுங்கள்.

மழைத்துளி

என் பெரியம்மா கல்கிசையில் இருக்கிறா. அவவின் வீட்டில் பெரியப்பாவின் ஸ்பூல் நாடாக்கள் ஒரு சூட்கேஸ் நிறைய இருக்கின்றன. என்ன என்று ஒருவருக்கும் தெரியாது. நாளைக்குப் போய்ப் பார்க்கிறேன்.

ஒலித்தச்சன்

ஸ்பூல் என்றால் ஒன்றையும் சுற்ற வேண்டாம், சூட்கேசை அப்படியே வையுங்கள். பெட்டிகளின் மேல் உள்ள எழுத்தை மட்டும் படம் எடுத்து அனுப்புங்கள். என்னிடம் ஸ்பூல் மெசின் ஒன்று இருக்கிறது, ஒரு மோட்டார் மட்டும் பார்க்க வேண்டும்.

பழைய_கசெற்

மெசினைப் பாருங்கள், மோட்டாருக்கு என்ன செலவோ நான் தருகிறேன். சனிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு எல்லாரும் ஒலித்தச்சன் வீட்டில். காலிவீதிக்காரன், மிச்ச 23 கசெற்றையும் கொண்டு வாருங்கள். மாமாவின் லேபல்களையும்.